ராத்தாவின் கட்டில் கிடந்த கோணம்

இருபத்தெட்டு வருடமாக உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். முதல் கிழமைப் பாடம் எப்போதும் அளவீடும் வழுவும்தான். அலகு எழுதாத விடைக்கு நான் புள்ளி போடுவதில்லை. ஒரே ஒரு தடவை அளந்துவிட்டு வந்து நிற்கிற பிள்ளையை அதே வேகத்தில் ஆய்வுகூட மேசைக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன். "பத்துத்தரம் சேர்" என்று பிள்ளைகள் எனக்குப் பட்டம் வைத்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக நினைத்துச் சொல்வார்கள், என் காதிலும் விழும். கோபப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொள்வேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. இப்போது பிடிப்பதில்லை. காரணம் என் மூத்த சகோதரி, என் ராத்தா.

ராத்தா எனக்குப் பத்து வயது மூத்தவர். வாப்பா மௌத்தாகி, வீட்டில் உழைக்க ஆளில்லாமல் போன பிறகு தையல் மெஷினை மிதித்து என்னைப் பல்கலைக்கழகம் வரைக்கும் அனுப்பியவர் அவர். கிழக்கிலங்கையில் கல்முனைப் பக்கம் பெண் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்த கை. அவரிடமிருந்த அளவு நாடாவில் முதல் அங்குலம் கிழிந்துபோயிருந்தது. புதிது வாங்கமாட்டார். ஒன்றிலிருந்து பிடித்து அளந்து, கடைசியில் ஒன்றைக் கழிப்பார். பூச்சிய வழுவைத் திருத்துவது எப்படி என்று வகுப்பில் சொல்லும்போது நான் அந்த நாடாவைத்தான் உதாரணம் காட்டுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட பெண் ஒருவர் என்னை விடக் கவனமாக அளப்பார் என்று சொல்வேன். அதைச் சொல்கிறபோது அது வெறும் பாராட்டு என்றுதான் நினைத்தேன்.

ஐம்பத்தெட்டாவது வயதில் ராத்தா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை செய்தும் சரிவரவில்லை. எழுந்து உட்காரவும் முடியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வீட்டின் பின்னறையில் கட்டில் போட முடிவானது. ராத்தாவின் மகளும் மருமகனும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண் பிள்ளைக்குத்தானே. நான் நான்கு வீதி தள்ளி, மனைவி வீட்டில் இருக்கிறேன்.

ராத்தாவுக்கு நோவைப் பற்றிய பேச்சே இல்லை. அவருக்கு ஒரே கவலை.

"தம்பி, நான் படுத்துக்கிட்டுத்தானே தொழணும். கட்டில் கிப்லாவுக்கு நேரா இரிக்கணும். கொஞ்சமும் பிசகக் கூடாது. நீ வந்து அளந்து போடு."

கிப்லா என்பது மக்காவின் திசை. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் அது நேர் மேற்கு அல்ல, மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாக ஏறத்தாழ இருபத்துநான்கு பாகை. எங்கள் வீடுகளெல்லாம் வீதியைப் பார்த்துக் கட்டப்பட்டவை. வீட்டுச் சுவரும் கிப்லாவும் ஒத்துவராது. அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் தொழுகைப் பாய் அறைக்குள் கோணலாகத்தான் கிடக்கும். ராத்தா வீட்டு ஹோலில் வாப்பா காலத்துக் கோடு ஒன்று இருந்தது. பள்ளிவாசலில் தொழுகை வரிசையான சஃபைப் பார்த்து வந்து வாப்பா கண்ணளவில் சீமெந்துத் தரையில் கீறிய கோடு. நாற்பது வருடமாக வீட்டார் அதில்தான் பாயை விரித்தார்கள்.

உட்காரவும் முடியாத ஒருவர் மல்லாந்து படுத்து, தலையைத் தலையணையால் உயர்த்தி, பாதம் கிப்லாவைப் பார்க்கத் தொழலாம். எனவே கட்டிலின் நீளவாக்குத்தான் திசை. அதை நான் அளக்க வேண்டும். நான் எப்படிப்பட்ட ஆயத்தத்தோடு போனேன் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பாடசாலையிலிருந்து நல்ல திசைகாட்டி ஒன்றைக் கேட்டு எடுத்துக்கொண்டேன். இரும்புக் கட்டிலை வெளியே தூக்கி வைக்கச் சொன்னேன். இரும்பு அல்மாரியை முற்றத்துக்குத் தள்ளுவித்தேன். மருமகன் பாவம், வியர்த்து ஒழுகினார். என் கைக்கடிகாரத்தைக் கழற்றினேன், மோட்டார் சைக்கிள் சாவியை வாசலில் வைத்தேன். பிறகு தரையில் முழங்காலிட்டு, முள்ளுக்கு நேர் மேலே கண் வரும்படி குனிந்தேன். சரிவாகப் பார்த்தால் இடமாறு தோற்ற வழு வரும் என்று அந்த நேரத்திலும் எல்லாருக்கும் விளக்கினேன்.

பத்துத்தரம் அளந்தேன். ஒவ்வொரு தடவையும் திசைகாட்டியை எடுத்து, திரும்ப வைத்து, குனிந்து, தரையில் ஒரு புள்ளி. பத்துப் புள்ளியும் ஒரு ஐந்து ரூபாய் நாணயக் குற்றிக்குள் அடங்கின. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. திசைகாட்டி வைத்த இடத்திலிருந்து அவற்றின் நடுவால் நீலப் பெயின்றில் கோடு இழுத்தேன்.

ராத்தாவின் மகள் ஹோலுக்கும் அறைக்குமாக இரண்டு தரம் நடந்து பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மாமா, மூத்தாப்பாட கோட்டோட பார்த்தா இது சரியா வரல்ல போல இரிக்கி. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் வரணும் போல."

"மூத்தாப்பா கண்ணால கீறின. இது கருவியால அளந்த. கண்ணுக்கும் கருவிக்கும் வித்தியாசம் தெரியாட்டி இதுல கதைக்கக் கூடாது மகள்" என்றேன்.

அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. ஹோலில் படுக்கவைத்திருந்த ராத்தா, "அவன் அளந்தாச் சரி, நீ பேசாம இரி" என்றார். கட்டில் என் கோட்டின் மேல் போய் உட்கார்ந்தது. கதவைத் திறந்தால் கட்டிலின் ஒரு மூலையில் இடித்தது. வருகிறவர்கள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு உள்ளே வரப் பழகிக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. ராத்தா ஐந்து வேளையில் ஒரு வக்துத் தொழுகையையும் விடவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் கட்டிலைக் காட்டி, "என்ட தம்பி பத்துத்தரம் அளந்து போட்ட" என்பார். நானும் பக்கத்தில் ஒன்றும் தெரியாதவன்போல நிற்பேன்.

வருடத்தில் இரண்டு நாளில் சூரியன் மக்காவிலுள்ள கஃபாவுக்கு நேர் உச்சியில் வருகிறது. மே மாதக் கடைசியில் ஒன்று, ஜூலை நடுவில் ஒன்று. மே மாதத்தில் எங்கள் நேரம் பிற்பகல் இரண்டு நாற்பத்தெட்டு. அந்த நிமிடத்தில் நிலைக்குத்தாக நிற்கும் எந்தப் பொருளின் நிழலும் கிப்லாவுக்கு நேர் எதிர்ப்பக்கம் விழும். கருவியே வேண்டாம், ஒரு தூக்குக்குண்டும் வெயிலும் போதும். பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டலாம் என்று அந்த இரண்டு வருடம் முடிந்த மே மாதம் பின்நேர வகுப்பை மைதானத்துக்குக் கொண்டுபோனேன். மரக் கம்பிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலின் நிழலைச் சரியான நிமிடத்தில் கோடாக்கினோம். பிறகு அந்தக் கோட்டைத் திசைகாட்டியால் அளக்கக் குனிந்தேன். ஒன்றிரண்டு பாகை வித்தியாசம் வரலாம் என்று முன்னமே சொல்லிவைத்திருந்தேன்.

பதின்மூன்று பாகை வித்தியாசம் வந்தது.

யாரோ நேரத்தைப் பிழையாகப் பார்த்துவிட்டார்கள் என்று பிள்ளைகளுக்கு ஏசினேன். திரும்பக் குனிந்தேன். அதே பதின்மூன்று. மூன்றாம் தரமும் அதேதான். அப்போது பக்கத்தில் நின்ற மாணவி ஒருத்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"சேர், உங்கட போன் பொக்கற்றுக்குள்ள இரிக்கி. நீங்க குனியக்குள்ள முள்ளு ஆடுது."

சட்டைப் பையிலிருந்த போனை எடுத்தேன். மூன்று வருடமாக அதே போன், அதே தோல் உறை. உறையின் வாயை ஒட்டிப் பிடிப்பது ஒரு சின்னக் காந்தம். போனைத் தூரப் பிடித்ததும் முள் மெதுவாகத் திரும்பி, இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. பிள்ளைகள் சத்தமாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் ராத்தாவின் அறையில் குனிந்தபோதும் அந்தப் போன் இதே பையில் கிடந்தது நினைவுக்கு வந்தது. கண்ணை முள்ளுக்கு நேர் மேலே கொண்டுவருவதற்காக நான் எவ்வளவு ஒழுங்காகக் குனிகிறேனோ, அவ்வளவு ஒழுங்காக அந்தக் காந்தமும் முள்ளின் மேல் வந்து தொங்கும். பத்துத்தரமும் ஒரே இடத்தில், ஒரே அளவில். எழுமாற்றாக, அங்குமிங்குமாக வரும் வழுவைத்தான் திரும்பத் திரும்ப அளந்து குறைக்கலாம், ஒரே பக்கமாக இழுக்கும் வழுவை நூறு தரம் அளந்தாலும் குறைக்க முடியாது. இந்த வாக்கியத்தை நான் வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவன்.

மறுநாள் அதே நேரத்துக்குத் தூக்குக்குண்டோடு ராத்தா வீட்டுக்குப் போனேன். ஒரு நாள் பிந்தினாலும் நிழலில் பெரிய மாற்றம் வராது. ராத்தா நண்பகல் ளுஹர் தொழுதுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். மகள் வெளியே போயிருந்தாள். முற்றத்தில் நிழலைக் குறித்து, நூல் பிடித்து அறைக்குள் கொண்டுவந்தேன். கட்டில் பதின்மூன்று பாகை வலப்பக்கம் தள்ளிக் கிடந்தது. ஹோலுக்குப் போய் வாப்பாவின் கோட்டில் நூலை வைத்துப் பார்த்தேன். இரண்டு பாகை கூட வித்தியாசம் இல்லை. நாற்பது வருடக் கோடு ஒன்று பக்கத்து அறையில் இருந்தது, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று ராத்தாவின் பிள்ளை வாய்விட்டுச் சொல்லியும் இருந்தாள். நான் நூலைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, ராத்தா எழும்புவதற்கு முன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். அதைத்தான் நான் இங்கே எழுத வந்தேன். கருவி பிழைத்ததற்கு நான் பெரிதாக வருந்தவில்லை. பிழை எவருக்கும் வரும். அன்றைக்கு வாயைத் திறக்காமல் வந்தேனே, அதுதான் என்னைத் தின்கிறது.

சொல்லாமலிருக்க எனக்கு நியாயங்களுக்கா பஞ்சம்? படுக்கையில் கிடக்கிற மனிசி, எதற்கு மனதை நோகடிப்பது என்றேன். அல்லாஹ் நிய்யத்தை, மனதின் எண்ணத்தைப் பார்க்கிறவன் என்றேன். ராத்தாவின் பேணுதல் எனக்குத் தெரியும். தொழுகைக்குக் கைகால் கழுவும் வுழூவில் ஒரு விரலிடுக்கு நனையவில்லை என்று சந்தேகம் வந்தால் முழுவதையும் திரும்பச் செய்கிறவர். இரண்டு வருடத் தொழுகை திசை மாறிப் போயிற்று என்று தெரிந்தால் என்ன ஆவார் என்று பயந்தேன். இவையெல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றுக்கு அடியில் கிடந்தது வேறு ஒன்று. ராத்தாவின் வாயால் "என்ட தம்பி அளந்தாச் சரி" என்று கேட்பது நின்றுபோய்விடுமே என்ற பயம். ஐம்பது வயதில், தலை நரைத்த பிறகு, அந்த ஒரு வசனத்துக்காக நான் அவரை ஏமாற்றினேன்.

கள்ளத்தனமாகத் திருத்திவிடவும் பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை போய், "ராத்தா, கட்டிலக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினா ஜன்னல் காத்து நல்லா வரும்" என்றேன்.

"கிப்லா மாறிப் போகுமே."

"கொஞ்சம்தான். அதுல ஒண்டுமில்ல."

ராத்தா என்னை விநோதமாகப் பார்த்தார். "நீயா இப்படிக் கதைக்கிற? பத்துத்தரம் அளந்து போட்ட கட்டிலக் காத்துக்காகத் திருப்பச் சொல்றியா? நான் வேர்த்துக்கிட்டே கிடக்கன், நீ போ."

அவர் என் மேல் வைத்த நம்பிக்கை கட்டிலை அசையவிடாமல் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த அறைக்குள் போனால் கட்டிலையே பார்க்கமாட்டேன். ராத்தாவின் முகத்தை மட்டும் பார்த்துக் கதைத்துவிட்டு வருவேன். போவதும் குறைந்தது. கிழமைக்கு மூன்று தரம் போன நான் ஒரு தரமாக்கினேன். பாடசாலையில் வேலை கூட என்று சொன்னேன்.

பள்ளிவாசலில் மார்க்கம் படித்த ஒரு மவ்லவியிடம், யாருக்கோ நடந்ததுபோலக் கேட்டுப் பார்த்தேன். அவர் இலேசாகத்தான் சொன்னார். "முயற்சி செஞ்சு பார்த்துத் தொழுத ஆளுக்குக் குற்றமில்ல. ஆனா தெரிஞ்ச பிறகும் சொல்லாம விட்ட ஆளு யாரும் இரிக்கா? அவருக்குத்தான் கேள்வி." அவருக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் ஸலாம் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஐந்து மாதம் கடந்து, ஒக்டோபரில் ஒரு பின்நேரம். ராத்தாவிடம் முன்பு சட்டை தைத்த பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் வந்திருந்தார். புதுவீடு கட்டி முடிந்திருந்தது. தொழுகிற அறைக்குக் கிப்லா பார்த்துக் கோடு போட வேண்டும் என்றார். ராத்தா என்னைக் கையால் காட்டினார்.

"இவன விட்டு வேற யார்ட்டப் போற? கண்ண மூடிக்கிட்டுத் தொழலாம். என்ட கட்டிலப் பாருங்க."

அந்தப் பெண் கட்டிலைப் பார்த்தார். நானும் ஐந்து மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அதை நேராகப் பார்த்தேன். இனி ஒரு வீடும் என் வாயால் கெட வேண்டாம் என்று பட்டது.

"ராத்தா, அது பிழை" என்றேன். "கட்டில் பிழையாத்தான் கிடக்கு. பதின்மூணு பாகை."

போன், உறை, காந்தம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தப் பெண் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாக எழுந்து போய்விட்டார். ராத்தாவின் மகள் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நிறுத்திய பிறகு ராத்தா ஒன்றே ஒன்றைக் கேட்டார்.

"எப்பத் தெரிஞ்ச?"

"மே மாசம்."

அவர் விரல்களை மடக்கினார். ஐந்து விரலும் மடங்கின.

"அஞ்சு மாசமா நீ இந்த அறைக்குள்ள வந்து வந்து போன" என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். பிறகு மகளைப் பார்த்து, "கட்டிலத் திருப்புங்க, அஸருக்கு நேரமாகுது" என்றார்.

நானும் மருமகனும் கட்டிலைத் திருப்பினோம். கதவு அன்று முதல் இடிக்காமல் முழுதாகத் திறந்தது.

மவ்லவி சொன்னதை ராத்தாவிடம் சொன்னேன். குற்றமில்லை, திரும்பத் தொழத் தேவையில்லை என்றேன். "அது அவர் சொல்ற. எனக்கு மனசு கேக்கல்ல" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு வக்தையும் தொழுது முடித்ததும் அதே வக்தை இன்னொரு தரம் தொழத் தொடங்கினார், விடுபட்டதைத் திரும்ப நிறைவேற்றும் கழாத் தொழுகையாக. ஒரு நாளைக்கு ஐந்து என்பது பத்தாயிற்று. கட்டில் பிழையாகக் கிடந்தது மொத்தம் இருபத்தொன்பது மாதம். நாளுக்கு ஒரு நாள் கழித்தாலும் முடிக்க இருபத்தொன்பது மாதம் வேண்டும். தலையணையை உயர்த்தினால் அவருக்கு இடுப்பு நோகும். ஒவ்வொரு தரமும் உயர்த்தச் சொல்வார். நான் பக்கத்தில் இருக்கும்போது அவர் இரண்டாம் தொழுகைக்குத் தக்பீர் கட்டித் தொடங்கினால், எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவேன். ஓரிரு தடவை, "ராத்தா, போதும்" என்று கெஞ்சியும் பார்த்தேன். "நீ பிள்ளைகள எத்தின தரம் திருப்பி அளக்க வைக்கிற?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அது கோபமில்லாத சிரிப்பு. எனக்கு அழுகை வந்தது.

பழையபடி என்னோடு கதைத்தார், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், இறால் சொதி வைத்தால் எனக்கென்று எடுத்துவைக்கச் சொன்னார். ஆனால் வருகிறவர்களுக்குக் கட்டிலைக் காட்டுவதில்லை. நான் பயந்த அந்த வசனம் உண்மையிலேயே நின்றுவிட்டது.

போன வருடம் ஓகஸ்டில் ராத்தாவுக்கு நெஞ்சுச் சளி முற்றியது. நான்காம் நாள் விடியற்காலைச் சுபஹ் தொழுதார், அதன் கழாவையும் தொழுதார். வெயில் ஏறுவதற்குள் மௌத்தானார். அஸருக்குப் பிறகு அடக்கினோம்.

மூன்று நாள் கழித்து, வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, நானும் ராத்தாவின் மகளும் ஹோலில் இருந்தோம். எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே அவள் சொன்னாள்.

"உம்மாக்கு ஏழு மாசத்துக் கழா மிச்சம், மாமா. இருபத்திரெண்டு மாசம் தொழுதிருக்கா."

தெரியும் என்பதுபோலத் தலையாட்டினேன். அந்தக் கணக்கை நான் மையித்தை இறக்கிய குழியடியில் நிற்கும்போதே போட்டு முடித்திருந்தேன். அவள் கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள். குரலில் ஒரு சூடும் இல்லை.

"நீங்க தெரிஞ்ச அண்டைக்கே சொல்லிருந்தா, உம்மா இருபத்தினாலு மாசம்தான் தொழ வேண்டி வந்திருக்கும். தொழுறதுக்கு இன்னும் அஞ்சு மாசமும் கிடைச்சிருக்கும். முடிச்சிட்டுத்தான் போயிருப்பா. அப்படித்தானே, மாமா?"

"ஓம் மகள்" என்றேன். "முடிச்சு, மூணு மாசம் சும்மா இருந்திருப்பா."